பச்சைப் பொத்தானுக்குக் காத்திருக்காத மெஷின்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டாம். தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை ஒன்றின் மேல் அறையில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு விதவையின் காதில் பிறந்தது. அந்த விதவை நான்தான். கதையில் அவளுக்கு ஜுவைரியா என்று பெயர். அவளை “அவள்” என்றுதான் எழுதப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவன் கதைக்குள் வருவான். அவனையும் நான் முழுதாக நம்பவில்லை.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

“ஷாகிர் நல்ல மனிதர்.” அடித்துவிட்டேன். மவுத்தானவர்களைப் பற்றி எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு உடனே சந்தேகம் வந்துவிடுகிறது.

“அன்று மின்சாரம் விழுந்து எழுந்தது, அந்த நேரம் பார்த்து” — பாதியில் விட்டேன். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுத் தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அப்படித்தான் முடித்துக்கொண்டு போனார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஜுவைரியா மெஷினைப் பார்க்கவில்லை, கேட்டாள்.

கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் மாதங்களில் வெளியே போக மாட்டாள். மணமுடிக்கத் தடையில்லாத ஆண்கள் யார் முன்னாலும் வர மாட்டாள். பெரிய வீடுகளில் அதற்கென்று ஓர் அறை ஒதுக்குவார்கள். இங்கே இருப்பதே ஓர் அறை. அதன் குறுக்கே கம்பி கட்டி, பூப்போட்ட படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அவளும் மாமியார் பேகமும். அந்தப் பக்கம் இரும்பு ஏணியும், ஏணியில் ஏறி வருகிறவர்களும். கணவரின் தம்பி உஸாமாவும் அந்தப் பக்கத்து ஆள்தான். ஜனாஸா எடுத்த நாளுக்குப் பிறகு அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்து போகும். அவன் கீழே பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான்.

பட்டறை பூட்டிக் கிடக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு தரைக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்ஸ் என்று நீளமாக ஓர் இழுப்பு. கடைசியில் ஒரு “டொக்”. மெஷினின் இரும்புக் கை மூலையில் போய் முட்டும் சத்தம். கோனாவுக்குப் போகிறது என்பார்கள் பட்டறையில்.

“மாமி, கீழ யாரு?”

“உஸாமாவும் அந்தக் கம்ப்யூட்டர் பையனும்.”

“என்ன செய்யுதாவ?”

“எனக்கு என்னத்தளா தெரியும்? பழுது பாக்குதானுவ.”

“பழுதுன்னு யாரு சொன்னா?”

“ஏளா, நீ என்ன போலீஸா? ஓதிக்கிட்டு இரு.”

மறுபடியும் ஸ்ஸ். மறுபடியும் டொக். துடைக்கிறார்கள் என்று ஜுவைரியா நினைத்தாள். ஏதோ தடயத்தைத் துடைக்கிறார்கள்.

(என்ன துடைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இதை எழுதும் எனக்கும் அன்று தெரியாது. தெரிந்தமாதிரி எழுதினால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும். வேண்டாம்.)

3

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாணியம்பாடியில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து ஜுவைரியாவின் கணவர் ஷாகிர் அந்த மெஷினை வாங்கிவந்தார். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை. அதன் மேல் குறுக்காக ஓடும் இரும்புக் கை. கையில் துடிதுடிக்கும் கத்தி. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் தோலை அந்த வடிவத்தில் வெட்டித் தரும். மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல டிரைவர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அது பழசு. நினைத்தால் மயங்கி விழும். விழும்போது கம்ப்யூட்டரையே சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். திரை முழுக்க நீலமாகிவிடும்.

“நீலா வந்துட்டா!” என்று தோல் வேலை செய்யும் காரீகர்கள் கத்துவார்கள். நீலா வந்தால் பட்டறைக்கு ஓய்வு. மெஷின் செத்துக் கிடக்கும். எல்லோரும் மேஜை மேல் கவிழ்ந்து, சிக்கிய தோலைக் கையால் இழுத்து, தூளை ஊதித் துடைப்பார்கள். மெஷின் நின்றால் கை உள்ளே போகலாம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பழக்கம் அது.*

நகுல் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செம்பூர் திலக் நகர்ப் பையன். ஆபீஸ் நண்பர்களுக்காக லேப்டாப் பைகள் செய்யக் கொடுக்க வந்தவன், நீலா வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

“பாய், உங்க டிரைவர் கர்னலுக்குள்ள உக்காந்துண்டிருக்கு. அதான் ப்ராப்ளம்.”

“அது யாரு கர்னலு? இந்த ஏரியா தாதாவா?” என்றார் ஷாகிர்.

“கிட்டத்தட்ட. கம்ப்யூட்டர்ல எல்லா அதிகாரமும் அதுகிட்டதான். மெமரி, டிஸ்க், ஸ்கிரீன், எல்லாம். அந்த ரூமுக்குள்ள இருக்கறவன் மயங்கி விழுந்தா வீடே விழுந்துடும். டிரைவரை வெளில உக்கார வெச்சுடலாம். மத்த ப்ரோக்ராம் மாதிரி அதுவும் ஒண்ணு. வேணுங்கறதை கர்னல்கிட்ட கேட்டு வாங்கிக்கட்டும். விழுந்தா அது மட்டும் விழும். பக்கத்துல ஒரு காவல்கார ப்ரோக்ராம் வெச்சுட்டா, விழுந்ததைப் பாத்த உடனே எழுப்பி விட்டுடும்.”

ஷாகிர் ஏணிப் பக்கம் திரும்பினார். “ஏளா, கேட்டியா? நம்ம உஸாமா மாதிரி. வேல செய்யலாம், கல்லாவுக்குள்ள கை விடப்புடாது.”

“காக்கா**, நான் விழுந்தா எழுப்பி விட ஆள் வப்பியளா?” என்றான் உஸாமா.

“ஒன்ன எழுப்ப ஆள் பத்தாது, கிரேன் வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நகுல் விடாமல் விளக்கினான். விழுந்து எழுந்த டிரைவருக்குக் கத்தி எங்கே நின்றது என்று நினைவிருக்காது. ஆகவே முதல் வேலையாகக் கையைக் கோனாவுக்கு அனுப்பி, மூலையைத் தொட்டுப் பார்த்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்கும்.

“அப்ப மேசையில யாரு கையாவது இருந்தா?”

கேட்டது ஜுவைரியா. தேநீர்த் தட்டோடு ஏணியின் பாதியில் நின்றுகொண்டிருந்தாள்.

நகுல் ஒரு கணம் யோசித்தான். “கரெக்ட் பாபி. அதை நான் நெனைக்கலை.”

பச்சைப் பொத்தான் அப்படித்தான் வந்தது. டிரைவர் எழுந்ததும் பொத்தானில் விளக்கு மின்னும். யாராவது வந்து அமுக்கும்வரை மெஷின் அசையக் கூடாது. அதன் பிறகு நீலா வரவே இல்லை.

* மேஜை ஓரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதை அமுக்கினால் வெட்டிக்கொண்டிருந்த தோலை முதலிலிருந்து வெட்ட வேண்டும். அதனால் அதன் மேல் தூசி படிந்திருந்தது. இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் நான் சந்தேகப்படும் ஆட்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது.

 ** எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன், மைனி என்றால் அண்ணி. நகுல் சொல்லும் ‘பாபி’யும் அண்ணிதான்.

[ஏன் “அவள்” என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நகுலின் பேச்சை நம்பி இந்தக் கதையை எனக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறேன். நடுவில் விழுந்தால் ஜுவைரியா விழட்டும். அடுத்த வாக்கியத்தை எழுத நான் மிச்சமிருப்பேன். அடுத்த பகுதியில் அவள் விழுவாள்.]

4

பெருநாள் நெருங்கிய வாரங்களில் ஷாகிர் தையல் பக்கம் போய்விட்டார். மெஷின் உஸாமாவின் கையில் இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது ஷாகிர் சொன்னார்: “இப்பம் மெஷின் நிக்காம ஓடுது.”

ஜுவைரியா இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று தெரிந்த ஆள் சொன்னதா? தெரியாமல் சந்தோஷப்பட்ட ஆள் சொன்னதா? சாப்பாட்டுக்கு நடுவே சொன்னது. முகத்தைப் பார்த்திருக்கலாம். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெருநாளுக்குப் பிறகு ஒரு முற்பகல். உஸாமா சரக்குக் கொடுக்க மாஹிமுக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் ஷாகிர் மெஷினில் நின்றார். மேலே ஜுவைரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஒரு நொடி தயங்கிச் சுற்றியது. கீழே கத்தியின் துடிப்பு நின்றது.

“இரு, நான் எடுக்கேன்” என்று ஷாகிர் யாரிடமோ சொன்னார்.

பிறகு ஸ்ஸ் என்று இழுப்பு. டொக் வரவில்லை.

அவள் ஏணியில் இறங்கி

அவள் ஏணியில் இறங்கியபோது

[இறங்கினாள். பார்த்தாள். தோளுக்குக் கீழே பெரிய ரத்தக்குழாய் அறுபட்டிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. இதற்கு மேல் இந்தப் பகுதியில் எதுவும் எழுத வரவில்லை.]

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தெரியாமல் இந்தக் கதை எனக்கும் நகராது. பச்சைப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. அப்படியிருக்க மெஷின் ஏன் நகர்ந்தது? அது இப்போது பொத்தானுக்குக் காத்திருப்பதில்லை என்பது ஷாகிருக்குத் தெரியுமா? தெரிந்தும் நீலா காலத்துப் பழக்கத்தில் கை விட்டார் என்றால் அது அவருடைய தவறு. அழுது தீர்த்துக்கொள்ளலாம். தெரியாது என்றால், தெரிந்த ஒருவன் அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

5

இப்போது திரைக்குத் திரும்புவோம். கோனாவுக்குப் போகும் சத்தம் கேட்ட அதே நாள். கொஞ்ச நேரத்தில் ஏணி அதிர்ந்தது. இரண்டு பேரின் காலடி. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இழுபட்டன.

“பாபி, நான் நகுல்.”

“சொல்லுங்க தம்பி. கீழ என்ன துடைக்கிய?”

“துடைக்கறதா? ஐயோ, இல்ல. அன்னிக்கு என்ன ஆச்சுன்னு பாத்துண்டிருந்தேன். கரெண்ட் ஆடினதுல டிரைவர் விழுந்திருக்கு. காவல்கார ப்ரோக்ராம் எழுப்பியிருக்கு. எழுந்தது, மூலைக்குக் கெளம்பியிருக்கு. எல்லாம் சொன்னபடிதான் வேலை செஞ்சிருக்கு.”

“யாரு சொன்னபடி?”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

(இந்த இடத்தில் நகுலுக்கு வியர்த்தது என்று எழுதியிருந்தேன். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு வியர்வை எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன். நாற்காலிச் சத்தம் உண்மை. யாருடைய நாற்காலி என்பது தெரியாது.)

“பச்ச பட்டனுக்குக் காத்திருக்கணுமே தம்பி?”

“அந்த வெயிட்டிங்கை எடுத்தாச்சு பாபி. பெருநாளுக்கு முன்னாடியே. லைன்ல கரெண்ட் ஏறி எறங்கிண்டே இருந்தது, டிரைவர் அடிக்கடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் எழுந்து வந்து பட்டன் அமுக்க வேண்டியிருக்கு, வேலை கெடறதுன்னு போன் வந்தது. வீட்லேர்ந்தே மாத்திட்டேன். நான் மாத்தியிருக்கக் கூடாது. அது என் தப்பு.”

சின்னத் தப்பை முந்திக்கொண்டு ஒத்துக்கொள்கிறவன் பெரிய தப்பை எங்கே வைத்திருக்கிறான் என்று ஜுவைரியா யோசித்தாள். அப்படி ஒரு போன் வந்ததா முதலில்?

“போன் பண்ணுனது யாரு?”

“ஷாகிர் பாய்.”

“பேசுனது அவியதானா?”

“அவர் நம்பர்லேர்ந்துதான் வந்தது பாபி.”

“நம்பர் பேசாது தம்பி. ஆளுதான் பேசும். அந்த போனு எப்பவும் மேசையிலதான் கெடக்கும்.”

“குரலும் அவரோடதுதான். எனக்குத் தெரியாதா?”

பேகம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே குறுக்கிட்டாள். “கொரல வச்சி என்னத்தச் சொல்ல? எம் மவனுவ ரெண்டு பேருக்கும் அவங்க வாப்பா தொண்ட. நானே போன்ல எத்தன வாட்டி இவன அவன்னு நெனச்சி—”

மணி நின்றது.

பேகம் தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டாள். ஜுவைரியா அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பெண்களும் திரையில் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் உஸாமா தொண்டையைச் செருமினான். செருமலும் ஷாகிருடையது போலவே இருந்தது.

“காக்காதான் பேசியிருப்பாவ மைனி. வேற யாரு பேசப்போறா?”

“தம்பி, எந்த பாஷையில பேசுனாவ?” என்றாள் ஜுவைரியா. ஷாகிர் நகுலிடம் தமிழில்தான் பேசுவார்; அவனுடைய ‘ண்டு’களைப் பழித்துக்காட்டிப் பேசுவதில் அவருக்கு ஒரு குஷி. உஸாமாவுக்கு வெளியாள் யாராக இருந்தாலும் வாயில் இந்திதான் முதலில் வரும்.

“ஹிந்தின்னு நெனைக்கறேன்… இல்ல, தமிழ். கலந்து, பாபி. நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். சரியா ஞாபகம் இல்லை.”

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க.”

“அரே மைனி, அவரு என்ன கோர்ட்லயா நிக்காரு?” உஸாமாவின் குரல் ஏறியது. “ஆச்சு, போச்சு. இப்பம் தந்தா, பொழப்பு ஓடணும்லா? நாளைக்கி ஆளுவ வேலைக்கி வாரானுவ. அதுக்குத்தான் இவர வரச் சொன்னேன்.”

“டீ ஆறுது” என்றாள் பேகம். “குடிச்சிட்டு ரெண்டு பேரும் எறங்குங்க.”

6

[இந்தப் பகுதியை எழுதாமலே கதையை முடித்துவிடப் பார்த்தேன். எழுதுகிறேன்.]

அவர்கள் இறங்கிய பிறகு ஜுவைரியா தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். காது பாயில் இருந்தது. பேகத்துக்கு அது தெரியும்.

ஸ்ஸ், டொக். காத்திருக்காத மெஷின். பேச்சுக் குரல்கள், சாவிப்பலகையின் படபடப்பு. பிறகு நீண்ட நேரம் எதுவும் இல்லை. யாரோ எதற்கோ காத்திருக்கும் அமைதி. ஒரு சின்ன “க்ளிக்”. அதன் பிறகே ஸ்ஸ், டொக்.

பொத்தான் திரும்பி வந்துவிட்டது.

நகுல் கீழிருந்தே “வரேன் பாபி” என்று கத்திவிட்டுப் போனான். மேலே ஏறி வந்து சொல்லிக்கொள்ளவில்லை. அதையும் அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள். அவன் காலடி சந்தில் மறைந்ததும் ஏணியில் உஸாமாவின் காலடி. பாதி ஏணியோடு நின்றுவிட்டது.

“மைனி.”

“சொல்லு.”

“இப்பம் பட்டன் அமுக்குனாத்தான் மெஷின் போவும். நானே அமுக்கிப் பாத்துட்டேன். இனிமே பயம் இல்ல.”

“முன்னாடி?”

“முன்னாடியா…”

அவன் மூச்சு இழுப்பது திரை வழியாகக் கேட்டது. பேசப் போகிறவன் இழுக்கும் மூச்சு அது. நான் சத்தியம் செய்வேன். ஜுவைரியா எழுந்து உட்கார்ந்தாள்.

“உஸாமா!” என்றாள் பேகம், அறைக்கே தேவையில்லாத சத்தத்தில். “பால் இல்லல. கடைக்கிப் போயி வாங்கிட்டு வா. ஓடு.”

“உம்மா, நான் மைனிட்ட—”

“கேக்கலயா ஒனக்கு? மைனிக்கித் தல வலிக்கி. ஓடுல.”

காலடி இறங்கியது. அடுப்பு மேடையில் பால் பாக்கெட் உடைக்காமல் இருந்தது. ஜுவைரியா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பேகம் பார்த்தாள். பேகம் அதை எடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தாள்.

7

எனக்குச் சில முடிவுகள் கிடைத்தன.

ஒன்றில், உஸாமா திரும்பி வருகிறான். “நான்தான் மைனி பேசுனேன், காக்காட்ட சொல்ல மறந்துட்டேன்” என்கிறான். மறந்துதான் போயிருப்பான். கெட்ட எண்ணம் இல்லை. பெருநாள் வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து போய்ப் பொத்தான் அமுக்கச் சலித்திருக்கும். இந்த முடிவில் ஜுவைரியா அவனை மன்னிக்கிறாள். இதை எழுதி முடித்துப் படித்தபோது ஒரு சொல்லைக்கூட நம்ப முடியவில்லை. மன்னிக்கிற இடத்தில் என் கையெழுத்தே மாறியிருந்தது.

இன்னொன்றில், போன் பேசியது ஷாகிரேதான். உஸாமாவின் மூச்சுக்கு வேறு காரணம் இருந்தது. ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தான். இந்த முடிவில், மடியில் வைத்து வளர்க்காத குறையாகத் தன்னிடம் வளர்ந்த பிள்ளையைச் சந்தேகப்பட்ட ஒருத்தி மிஞ்சுகிறாள். இதற்கும் வாய்ப்பு இருக்கிறது. இருப்பதால்தான் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதில், போன் என்று ஒன்றே வரவில்லை. நகுல் தானாகவே மாற்றினான். செத்தவர் நம்பரைச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்று தெரிந்தவன் அவன். ஷாகிரின் போன் அன்று அவரோடு விழுந்து உடைந்துபோயிற்று. நகுலின் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்ததா என்பது தெரியும், அவ்வளவுதான். பேசியது எந்த மகன் என்று எந்தப் போன் சொல்லும்?

ஜுவைரியா ஏன் நேராகக் கேட்டுவிடக் கூடாது என்று நினைப்பீர்கள். கேட்கலாம். பக்கத்தில் பேகம் இருக்கிறாள். ஒரு மகனை மண்ணில் வைத்தவள். கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அவளுக்கு இன்னொரு மகனும் இல்லை. ஆனால் ஜுவைரியா கேட்காவிட்டால், இத்தா முடிந்து திரை அவிழும் நாளில் அவள் இந்த வீட்டில் யாருக்குச் சோறு போடுகிறாள் என்று தெரியாமலே போட வேண்டும். இரண்டில் எது பெரிய கொடுமை என்று என்னால் எடை போட முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாமி கேட்டார்.

“என்னத்தளா நாளெல்லாம் எழுதிக்கிட்டு கெடக்கே?”

“கத மாமி.”

“என்ன கத?”

“ஒரு மெஷின் கத.”

மணி கொஞ்ச தூரம் உருண்டது.

“அதுல எம் மவன் வாரானா?”

“எந்த மவன் மாமி?”

அவர் மணியைச் சுருட்டி வைத்தார். நானும் மேலே எழுதவில்லை. அன்றைக்கு எழுத்து அத்தோடு நின்றது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. முடிவு தெரிந்த ஆள் கீழே பட்டறையில் இருக்கிறான். இந்தத் தாள்களை அவன் சாப்பாட்டுத் தூக்கோடு இறக்கிவிடப் போகிறேன். உஸாமா இங்கே இந்திப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. மேலே கொண்டுவந்து என்னிடம் கேட்க மாட்டான். அவன் உம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரையாவது தேடித்தான் போவான். இவ்வளவு தூரம் வாசித்திருக்கிறீர்கள். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எதையும் விட வேண்டாம், அடைப்புக்குள் இருப்பதையும் சேர்த்து. ஆறாம் பகுதியில் ஜுவைரியா “முன்னாடி?” என்று கேட்கிறாள் அல்லவா, அந்த இடம் வந்ததும் நிறுத்துங்கள். தாளிலிருந்து கண்ணை எடுத்து அவன் முகத்தைப் பாருங்கள். என்னால் முடியாததை உங்களிடம் கேட்கிறேன்.

“அப்புறம்?” என்று அவன் கேட்டால் மேலே படியுங்கள்.

கேட்காவிட்டால், பதில் அவனிடம் இருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மேலே அவனைப் பெற்றவள் இருக்கிறாள்.